சோத்தாங்கைக்கு ஒரு வாய்

"கூப்பிட்டா வராத கோழி…" என்றுதான் பெரியப்பா தொடங்குவார், வீட்டில் யாராவது எதையாவது தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு நிறுத்தம் நிறுத்தி, மிச்சத்தைச் சொல்லி முடித்ததும் தானே முதலில் சிரிப்பார். நிறுத்தம் நினைவிருக்கிறது, சிரிப்பு நினைவிருக்கிறது, சிரிக்கும்போது தெரிகிற புகையிலைக் கறைகூட நினைவிருக்கிறது, நடுவில் இருந்த சொற்களைத்தான் காணோம். குப்பையைக் கிளறினால் வரும் என்பதா, அந்தி சாய்ந்தால் தானாக வரும் என்பதா, இல்லை குழம்பில்தான் வரும் என்று முடியுமா, எதைப் பொருத்தினாலும் பொருந்துகிறது, எதுவும் அது இல்லை. கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி பரஞ்சோதி அந்த இடைவெளியையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு வந்தான், விழுந்த பல்லின் குழியை நாக்கு தடவுவது மாதிரி. நாற்பத்தெட்டு வயதுக்காரன் பெரியப்பா சொன்ன பழமொழியில் பாதியை மறப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை, யாருக்கும் வரும், பக்கத்து சீட்காரனுக்கும் வரும். ஆனால் பக்கத்து சீட்காரனின் அப்பா ஐம்பத்துமூன்றாவது வயதில் சொந்த வீட்டுத் தெருவை மறக்கவில்லை. அங்கேதான் எண்ணம் போய்ச் சிக்கிக்கொள்கிறது, எங்கே தொடங்கினாலும் அங்கேதான். வந்தவாசியைத் தாண்டியதும் காற்றில் நனைந்த வைக்கோல் வாசனை வந்தது, மழை எங்கேயோ பெய்திருக்கிறது, பின்சீட்டில் பெண்கள் சீனம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

படிப்பதென்றால் புத்தகத்தை விரித்து அல்ல. ஒருத்தி கேட்பது, இன்னொருத்தி சொல்வது, மற்றவர்கள் கெக்கலிப்பது. தைவான்காரர்கள் நடத்துகிற ஷூ ஃபேக்டரியில் லைன் பார்ப்பவர்களுக்கும் கோடவுன் பார்ப்பவர்களுக்கும் சனிக்கிழமைதோறும் லின் மேடம் வகுப்பு எடுக்கிறாள், தேறுகிறவர்களை ஒரு வருஷம் தைவானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பார்கள். பின்சீட்டுப் பெண்களில் யுவராணி எப்படியும் போய்விடுவாள், அவளுக்கு எதையும் ஞாபகம் வைக்க ஒரு கோணல் வழி இருக்கிறது. வாங்குவதற்கும் 'மாய்', விற்பதற்கும் 'மாய்'. வாங்குவது 買, விற்பது 賣, எழுத்தும் ஒன்றே போலத்தான், விற்பதற்கு மட்டும் உச்சியில் ஒரு சின்னப் பாரம். "தலையில கூட வெச்சிருந்தா அவ விக்க வந்தவ. வெறுந்தலையோட வந்தா வாங்க வந்தவ. இதுல இன்னாடி கஷ்டம்?" என்று வகுப்பில் சொன்னவள், குரலுக்கும் அவளே வழி சொன்னாள். வாங்குகிறவள் 'இன்னா வெல'ன்னு இழுத்துத் தாழ்த்தி ஏத்துவா, விற்கிறவள் 'அதான் வெல'ன்னு வெட்டிப் போட்டுடுவா, அவ்வளவுதான். செருப்புக்கும் தேளுக்கும் ஒரே மாதிரி ஒலி என்றதும் அவள் அசரவே இல்லை, "தேளு கொடுக்கத் தூக்கிக்கினே நேரா போவும், அதனால சத்தம் மேலயே நேரா போவுது. செருப்புன்னா கால கீழேருந்து மேல தூக்கி மாட்டணும், அதனால சத்தம் ஏறுது. எதுக்கும் தட்டிப் பாத்துட்டுப் போடு." இருபது வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் சீனர்களுக்கு நடுவில் இருந்தும் சாப்பாட்டுக் கடையில் விரலை நீட்டிச் சமாளித்துத் திரும்பி வந்தவன் பரஞ்சோதி. அங்கே ஒட்டாத மொழி இங்கே, சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லைகள் ஓடுகிற பஸ்ஸில், செய்யாற்றுப் பெண்களின் வாயால் கொஞ்சம் கொஞ்சமாய் ஒட்டத் தொடங்கியிருந்தது. அது ஒரு சந்தோஷம். அவனும் இரண்டொன்று கண்டுபிடித்தான். மனிதன் 人, நுழைவது 入, இரண்டுக்கும் இரண்டே கோடு. நுழைகிறவனுக்கு மட்டும் உச்சி லேசாக மடிந்திருக்கும், தாழ்ந்த நிலைப்படியில் தலை குனிகிறவன் என்று அவன் சொன்னபோது யுவராணி கைதட்டினாள், "ணா, நீயும் நம்ம செட்டுல சேந்துட்ட." போன திங்கட்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவன் பார்க்கிற கோடவுனில் ஷூவுக்கு அடியில் ஒட்டுகிற சோல் வந்து இறங்கியது. பெட்டிகளில் தமிழும் இல்லை, வேறெதுவும் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒற்றை எழுத்து. ஒன்றில் 左, ஒன்றில் 右. இடது, வலது. இரண்டிலும் மேலே ஒரு கை குறுக்காக நீளும். அந்தக் கைக்குக் கீழே சின்னச் சதுரமாய் ஒரு வாய் இருந்தால் வலது, வேலையைக் குறிக்கிற எழுத்து இருந்தால் இடது. வகுப்பிலேயே சிரித்து உருண்ட பாடம் அதுதான். "சோறு போற வாய் இருந்தா அது சோத்தாங்கை" என்று யுவராணி சொல்ல, "அப்ப இன்னொரு கை?" என்று யாரோ கேட்க, "அதுக்கும் ஒரு வேல இருக்குதில்ல, காத்தாலேயே போயி உக்காரு தெரியும்" என்றாள். அர்த்தம் புரியாமலே லின் மேடமும் சிரித்தாள், பிறகு யாரோ கையைக் காட்டி விளக்கியதும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். இதைவிட ஒட்டிக்கொள்கிற பாடம் உண்டா? அப்படிப்பட்ட பாடத்தைத்தான் அவன் பிசகினான். பிசகினான் என்பதுகூடச் சரியில்லை. யோசித்துக் குழம்பித் தப்பாகச் சொல்லியிருந்தால் அது பிசகு. அவன் பெட்டியிலிருந்த வாயைப் பார்த்தான், 'இடது' என்றான், இறக்குகிறவர்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். லைனில் ஒட்டத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, இடது மேல்பாகத்துக்கு வலது சோல். பெல்ட்டை நிறுத்தினார்கள். "ரெண்டு எடது காலு இருக்கிறவன் எவனாச்சும் ஆர்டர் குடுத்துட்டானா?" என்று எவனோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள். யாரும் திட்டவில்லை. லின் மேடம் வந்து பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், தன் மணிக்கட்டில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டி, பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாகச் சொன்னாள், சின்ன வயதில் கொதிகெண்டி பட்ட தழும்பு, இடது எது என்று இன்றைக்கும் இதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வாளாம், கார் ஓட்டும்போதுகூட. அவள் ஆறுதலுக்குச் சொன்னாள். அவனுக்கு ஆறவில்லை. தொட்டுப் பார்க்கிறவளுக்குச் சந்தேகம் இருக்கிறது. அவனுக்குச் சந்தேகமே வரவில்லையே, அதுதான்.

அப்பாவுக்கும் சந்தேகம் வரவில்லை. இதே ரோடுதான், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்கு, அப்பா கண்டக்டராக இருந்த ரூட். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், இருட்டில் சாலையின் மேடு பள்ளத்தை வைத்தே எந்த ஊர் என்று சொல்வார். ஒருநாள் மாமண்டூரில் பஸ் நின்றதும் கணீரென்று "மாங்கால் எறங்கு" என்று குரல் கொடுத்தார். அரைத்தூக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் பையும் பிள்ளையுமாக இறங்கியேவிட்டாள். பஸ் நகர்ந்த பிறகு அவள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவர, "இன்னா கண்டக்டரே, காத்தாலேயே ஊத்திகினியா?" என்று முன்சீட்டிலிருந்து ஒருவன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். லீவுக்கு ஊர் வந்திருந்த பரஞ்சோதி கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தான், அவனும் சிரித்தான். எந்த ஊரிலும் எவனும் செய்கிற தவறு. ஆனால் அந்தக் குரல், அதில் ஒரு தடுமாற்றமாவது இருந்திருக்கலாம், கடைசி எழுத்தில் ஒரு நடுக்கமாவது இருந்திருக்கலாம், ஒன்றுமில்லை, முப்பது வருஷம் அந்த ஊரைக் கூப்பிட்ட அதே குரல். பிறகு ஒவ்வொன்றாய் நடந்ததெல்லாம், டெப்போவில் உட்கார வைத்தது, வீட்டுக்கு அனுப்பியது, தெருமுனையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று எதிரில் வந்த நாயைப் பார்த்துக் கேட்டது, அதெல்லாம் துக்கம், துக்கத்துக்கு அழலாம். அந்தக் கணீர்க்குரல் துக்கமில்லை, அது பயம். திங்கட்கிழமை கோடவுனில் 'இடது' என்று சொன்னபோது தன் தொண்டையிலிருந்து வந்தது அதே கணீர் என்று பரஞ்சோதிக்குத் தோன்றியது. தோன்றியதா, பிறகு தானே அப்படி ஏற்றிக்கொண்டதா? நேற்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்த ஒரு சொல்லை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், எப்படிச் சொன்னோம், எவ்வளவு உறுதியாகச் சொன்னோம் என்று. சொல்லச் சொல்ல அது தேய்ந்து, யாருடைய குரல் என்றே தெரியாமல் போயிற்று.

மனைவி தவமணிக்கு அவன் திங்கட்கிழமையைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் வாங்கி வைத்திருக்கிறாள், வியாழக்கிழமை. போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறாள், அவளுடைய தம்பியை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறாள். "போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாங்க, தெரிஞ்சிக்கிட்டா இன்னா கொறஞ்சி போவுது" என்றாள். ஷிப்மெண்ட் இருக்கிறது என்றான். "ஷிப்மெண்ட்டு போன வாரமும் இருந்துச்சி" என்றாள், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, அவனைப் பார்க்காமல். அவள் பார்த்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தெரிந்துகொண்டால் என்ன குறையும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் அது இரண்டு பெட்டி, எதையும் திறக்கவில்லை, இதுவாகவும் இருக்கலாம் அதுவாகவும் இருக்கலாம். சீனத்தில் இரண்டு எழுத்து உண்டு, 己 என்றால் 'தான்', 已 என்றால் 'ஏற்கெனவே'. கதவு திறந்து கிடந்தால் தான், பாதி சாத்தியிருந்தால் ஏற்கெனவே, இதுவும் அவன் கண்டுபிடித்த வழிதான், அப்போது பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பாதிக் கதவு பஸ் கண்ணாடியில், முன்சீட்டின் கிழிந்த உறையில், எங்கே பார்த்தாலும் தெரிகிறது. ஏற்கெனவே. ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? போன வருஷமே தொடங்கியதா? ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பள்ளியிலிருந்து மாற்றி இங்கிலீஷ் பள்ளியில் போட்டபோது பி-யையும் டி-யையும் மாற்றி மாற்றி எழுதி, வயிற்றை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் விழித்தானே, அப்போதே தொடங்கியதா? அப்படியென்றால் முப்பத்தைந்து வருஷமாக ஒரு வியாதி சாதுவாய் இருந்திருக்கிறது, நல்ல வியாதி. அவனுக்கே சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக வந்த அந்தச் சிரிப்பைக் கேட்டு யுவராணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ணா, தனியா சிரிக்கிற? எங்களுக்கும் சொல்லு." ஒன்றுமில்லை என்றான். அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே வந்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவர்கள் தெரு மாரியம்மன் கோயில் சுண்டல், விடியற்காலையில் அம்மா கொடுத்தனுப்பியதாம், கொண்டைக்கடலையும் தேங்காயும் கையில் எடுத்தாலே சூடு. பஸ் அந்நேரம் பார்த்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, அவள் பொட்டலத்தோடு சாய, சிந்தப்போகிறதே என்று அவன் கை சட்டென்று நீண்டது. "ணா, சாமி சுண்டல பீச்சாங்கையில வாங்குற நீ" என்றாள் யுவராணி. பார்த்தான். இடது கைதான். விரல் குவிந்து, உள்ளங்கை பள்ளமாகி, பழக்கப்பட்ட கை மாதிரி காத்திருந்தது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி அதை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினான், அவள் அள்ளி வைத்தாள். "சின்னதுல நீ நொட்டாங்கையா ணா? எங்க மாமா பையன் ஒருத்தன் அப்படித்தான். சூடு வெப்பேன்னு சொல்லிச் சொல்லி மாத்துனாங்க. இப்பகூட அவசரத்துக்கு அந்தக் கைதான் மொதல்ல வரும் அவனுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டாள், அங்கே யாரோ உப்பில்லை என்றார்கள், சாமிக்கு வைத்ததை ருசி பார்க்க முடியுமா என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். பரஞ்சோதி கையில் சுண்டலோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் கூப்பிடாமலே ஒன்று வந்தது. அம்மாவின் புடவை. முந்தானை நுனி, மஞ்சள் கறையும் அடுப்புப் புகை வாசமுமாக, அவனுடைய இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு முடிச்சு. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அம்மா அவனை இடுப்போரமாக இழுத்து உட்காரவைத்து, அந்தக் கையைத் தன் முந்தானையில் கட்டிக்கொள்வாள். அடித்ததில்லை. கட்டிவிடுவாள், அவ்வளவுதான். அவள் சாதம் போட எழுந்தால் அவனும் எழ வேண்டும், குனிந்தால் இவன் கையும் குனியும். அவனுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை, அம்மாவோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்காகவே வேண்டுமென்று இடது கையைத் தட்டில் வைப்பான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் நடந்த கதை, யாரும் திருப்பிச் சொல்லாத கதை, நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கே கிடந்தது? மறந்தே போயிருந்தது. மறந்தது போகவில்லை. கை அதைப் பத்திரமாய் வைத்திருந்தது.

அப்படியானால் திங்கட்கிழமை? அவன் சுண்டலை ஒவ்வொன்றாய் வாயில் போட்டுக்கொண்டு, யாரோ வேறு ஒருவன் செய்த காரியத்தை யோசிக்கிற மாதிரி நிதானமாக யோசித்தான். யுவராணி கொடுத்த வழி, வாய் இருந்தால் சோத்தாங்கை. அவன் வாயைப் பார்த்தான். வாய்க்குச் சோறு கொண்டுபோகிற கை எது என்று மூளையைக் கேட்கவில்லை, அவசரத்தில் உடம்பைக் கேட்டான், கேட்டதும் உடம்பு எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னது, இடது என்று. ஊருக்கெல்லாம் பொய், அவன் உடம்புக்கு அது நிஜம், அம்மா முடிச்சுப் போடுவதற்கு முந்தைய நிஜம். அப்பாவின் குரலில் ஊர் காணாமல் போயிருந்தது. இவன் குரலில் ஒன்றும் காணாமல் போகவில்லை, மாறாக, போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த ஒன்று இருந்தது. பயம் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தோள்பட்டைக்கு நடுவில் தளர்ந்தது, பஸ் குலுக்கலில் உடம்பு லேசாக ஆடுவது அவனுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. உடனே, அவனுடைய குணம் அது, இன்னொரு பக்கத்திலிருந்து பயம் திரும்பி வந்து பார்த்தது. சரி, இந்த ஒரு தவறுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பால்? மச்சான் பேர்? அவற்றுக்கு எந்தக் கை பொறுப்பு? ஆனால் கேள்வி நேற்றைய அளவுக்குப் பெரிதாக இல்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூட வருகிற அளவுக்குத்தான் இருந்தது. இவ்வளவு நாள் மறதி என்றால் ஒரே ஒரு மறதிதான் என்று நினைத்திருந்தான், அப்பாவின் மறதி. அதுவும் இந்த எழுத்துகளைப் போல ஒன்றுக்கொன்று சாயலில் ஒத்துப்போகிற பலது போலிருக்கிறது. தூக்கமில்லாத மறதி, அக்கறையில்லாத மறதி, வயசு மறதி, அப்புறம் அந்த மறதி. ஒன்றின் உச்சியில் சின்னப் பாரம் இருக்கும், ஒன்றின் கதவு பாதி சாத்தியிருக்கும். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தான் இன்னும் கிட்டத்தில் போகவே இல்லை என்று நினைத்துக்கொண்டான். லின் மேடம் தழும்பைத் தொட்டுப் பார்த்துத்தான் கார் ஓட்டுகிறாள். ஓட்டுகிறாள்.

"மாங்கால் கூட்ரோடு எறங்குறவங்க வாங்க" என்று டிரைவர் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவன் நிமிர்ந்து வெளியே பார்த்தான், மாங்கால்தான், டீக்கடை, டயர் கடை, கொடிக்கம்பங்கள். ஒன்றிரண்டு பேர் இறங்கினார்கள். பஸ் திரும்பி ஃபேக்டரி ரோட்டில் நுழைந்தது. பின்சீட்டில் மறுபடியும் கேள்வி ஆரம்பமாகிவிட்டது, யாரோ பெரிது என்பதற்கும் நாய் என்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க, "தோள்மேல புள்ளி இருந்தா நாய்டி, தூக்கி வெச்சிக் கொஞ்சுறாங்கன்னு நெனச்சுக்கோ" என்று யுவராணி சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டு நாய அப்படிக் கொஞ்சுனா கடிச்சிடும்" என்றாள் மற்றவள். "அப்ப கடிச்ச எடத்துல புள்ளின்னு வெச்சுக்கோ" என்றாள் இவள், இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி. பரஞ்சோதி திரும்பி, "எனக்கு ஒரு வழி சொல்லும்மா. சோத்தாங்கைன்னு சொன்னா எனக்குத் தப்பா வருது" என்றான். பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. யுவராணி சிரிக்காமல் நெற்றியைச் சுருக்கினாள், கணக்குப் போடுகிறவள் மாதிரி. "உனக்கு வேற தான் ணா போடணும். அந்த எழுத்துல இருக்கிறது உன் வாய் இல்ல, ஊர் வாய். ஊர் வாய் இருந்தா வலது. ஊருக்கு வாய் எப்பவும் இருக்குமா இல்லியா?" என்றாள். இருக்கும் என்றான். "அப்ப மறக்காது." அவன் அதை மனசுக்குள் எழுதிப் பார்த்தான், நீண்ட கை, அதன் கீழே ஊர் வாய். வந்துவிட்டது. பஸ் நின்றது. எல்லோரும் சாப்பாட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு இறங்க, அவன் கடைசியாக இறங்கினான், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்று தவமணிக்குப் போன் போட்டான். மணி அடிக்கிற நேரத்தில் லின் மேடத்தின் கார் உள்ளே போயிற்று, அவள் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். "இன்னாங்க, எதாச்சும் வுட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் தவமணி. இல்லை என்றான். திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னான், ரெண்டு எடது கால் கிண்டலையும் சொன்னான், அவள் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். "அப்ப வியாழக்கெழம?" என்று கேட்டாள். வியாழக்கிழமை இரண்டு பேரும் வேலூருக்குப் போகலாம் என்றும், அங்கே என்ன சொன்னாலும் சரி, தைவான் பயிற்சிக்குப் பேர் இன்றைக்கே கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னான்.